பகிர்ந்த நினைவகம், பகிராத உழைப்பு: எதை யாரிடம் விடலாம்?

இரண்டு சாக்கெட் (தனித்தனி ப்ராசஸர் சிப்), மொத்தம் 64 கோர் உள்ள ஒரு சர்வரில் உங்கள் நிரல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 16 த்ரெட் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) வரை வேகம் ஒழுங்காக ஏறுகிறது. 32ல் ஏற்றம் நின்றுவிடுகிறது. 64 கொடுத்தால் 32ல் ஓடியதைவிட மெதுவாக ஓடுகிறது. லாக்குக்காக (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) யாரும் காத்திருக்கவில்லை. ஓடும் நிரல்களைக் காட்டும் ‘டாப்’ திரையைப் பார்த்தால் எல்லாக் கோரும் 100 சதவீதம் வேலை செய்கின்றன. அந்த 100ஐ நம்பிவிடாதீர்கள். நினைவகத்திலிருந்து தரவு வந்து சேரும்வரை கோர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நேரமும் அந்தக் கணக்கில் வேலை என்றுதான் ஏறுகிறது.

எந்த த்ரெட்டும் எந்த முகவரியையும் படிக்கலாம், எழுதலாம், தரவு எங்கே கிடக்கிறது என்று கவலைப்பட வேண்டாம் என்பதுதான் பகிர்நினைவகக் கணினி நமக்குத் தரும் உறுதி. அந்த உறுதி விடை சரியாக வருவதற்கு மட்டும். வேகத்துக்கு யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. ஆகவே தரவு எங்கே கிடக்கிறது என்று யாராவது ஒருவர் கவலைப்பட்டே ஆக வேண்டும்: ஹார்ட்வேர், இயங்குதளம், மொழியின் ரன்டைம், இல்லையென்றால் நீங்கள். யாரிடம் எதை விடுவது என்பதுதான் இங்கே முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

ஒப்பிடும் முன் உழைப்பை எப்படி அளப்பது என்று பேசிவிட வேண்டும். எத்தனை வரி கூடியது, எத்தனை நாள் பிடித்தது என்றுதான் வழக்கமாகக் கேட்கிறோம். அது எழுதும் உழைப்பு. ஒரு தடவையோடு போய்விடும். இன்னொன்று நினைவில் சுமக்கும் உழைப்பு. ‘இந்த லூப்பின் பங்கீட்டு முறையை மாற்றாதே’, ‘இந்த ஸ்ட்ரக்டில் புதிய புலத்தை நடுவில் சேர்க்காதே’ என்பது போன்ற, கோடில் எங்கும் எழுதப்படாத விதிகள். நிரல் உயிரோடு இருக்கும்வரை, அதைத் தொடும் ஒவ்வொருவரும் இவற்றைத் தலையில் வைத்திருக்க வேண்டும். பகிர்நினைவக விஷயத்தில் எழுதும் உழைப்பு பெரும்பாலும் பத்து இருபது வரிதான். ஆளைச் சாய்ப்பது இரண்டாவது.

சும்மா விடுவது

எதுவும் செய்யாமல் ஹார்ட்வேரிடமே விட்டுவிடுவதை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1980களில் பிரின்ஸ்டனுக்குப் போவதற்கு முன் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த காய் லீ, தனித்தனிக் கணினிகளின் நினைவகங்களை ஒரே நினைவகமாகத் தோன்றவைக்கும் மென்பொருளைத் தன் ஆய்வேடாக்கினார். 1990களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டின் டேஷ் இயந்திரம், எந்தத் தரவின் நகல் யாரிடம் இருக்கிறது என்று பதிவேடு வைத்துக்கொள்ளும் வேலையை ஹார்ட்வேரிடம் கொடுத்தது. கெண்டல் ஸ்கொயர் ரிசர்ச் 1991ல் கொண்டுவந்த கேஎஸ்ஆர்-1 இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் தரவுக்கு நிரந்தர வீடே கிடையாது. யார் பயன்படுத்துகிறாரோ அவர் பக்கம் அது தானாக நகர்ந்துவிடும். நிரலரின் உழைப்பைப் பூஜ்யமாக்கும் முயற்சிகளில் இதைவிடத் துணிச்சலானது எனக்குத் தெரிந்து இல்லை. அந்த நிறுவனம் அதிக காலம் நிலைக்கவில்லை. சந்தையில் நின்றது டேஷ் வகைப் பாதை. இன்றைய பல சாக்கெட் சர்வர்கள் அதன் வாரிசுகள்தான்.

இந்த வாரிசுகளில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அருகில் அதற்கான நினைவகம் இருக்கிறது. பக்கத்து சாக்கெட்டின் நினைவகத்தையும் தொடலாம், ஆனால் நேரம் கூடும். இந்த அமைப்புக்குத்தான் நூமா என்று பெயர். கோர்களும் அவற்றுக்கு அருகிலுள்ள நினைவகமும் சேர்ந்த ஒரு கூட்டம் ஒரு நோடு. லினக்ஸின் ‘நூமாகன்ட்ரோல்’ கட்டளையிடம் ஹார்ட்வேர் விவரம் கேட்டால் ஒரு சின்ன அட்டவணை காட்டும்: சொந்த நோடுக்கு 10, அடுத்த நோடுக்கு பெரும்பாலும் 20 அல்லது 21. இது ஃபர்ம்வேர் சொல்லும் ஒப்பீட்டு எண். அளந்து எழுதிய நேனோசெகண்ட் இல்லை. ‘தூரம் இரட்டிப்பு, ஆகவே நேரமும் இரட்டிப்பு’ என்று யாராவது சொன்னால் கேள்வி கேளுங்கள். சாக்கெட் ஒன்றே ஒன்றுதானே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. ஏஎம்டியின் எபிக் சிப்புகளில் பயாஸ் அமைப்பைப் பொறுத்து ஒரே சாக்கெட் நான்கு நோடாகப் பிரிந்து நிற்கலாம்.

தரவு முழுவதும் கேச்சுக்குள் (கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) அடங்கிவிடும் என்றாலோ, எழுதுவது குறைவாகவும் படிப்பது அதிகமாகவும் இருந்தாலோ, சும்மா விடுவதே சரி. அப்படி விடும்போது கடிக்கும் பொறி ஒன்று உண்டு. எட்டு த்ரெட், ஆளுக்கு ஒரு எண்ணி என்று 8 பைட் எண்கள் எட்டை ஒரு அர்ரேயில் வைக்கிறீர்கள். மொத்தம் 64 பைட். இன்டெல், ஏஎம்டி சிப்புகளின் எக்ஸ்86ல் ஒரு கேச் லைன், அதாவது கேச் ஒரே தடவையில் எடுத்துவைக்கும் துண்டு, 64 பைட். ஆக, அர்ரே சரியாக லைன் எல்லையில் தொடங்கினால் எட்டு எண்ணியும் ஒரே லைனில் குடியிருக்கின்றன. ஒரு கோர் தன் எண்ணியைக் கூட்டினால் மற்ற ஏழு கோரின் நகலும் செல்லாமல் போகும். யாரும் யாருடைய எண்ணையும் தொடவில்லை. ஆனாலும் அந்த லைன் கோர்களுக்கு இடையே பந்தாடப்படுகிறது. போலிப் பகிர்வு என்பது இதுதான். ஒவ்வொரு எண்ணியையும் 64 பைட் எல்லையில் வைத்தால் தீர்ந்தது, எழுதும் உழைப்பு ஒரு சொல். ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளில் லைன் 128 பைட். 64 என்று கையால் எழுதிய அந்த ஒரு சொல் அங்கே போனதும் அரைகுறையாகிவிடும். ஓரிடத்தில் மாறிலியாக வைத்து, ஏன் என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதிவையுங்கள். எங்கே இது நடக்கிறது என்று ஊகிக்கவும் வேண்டாம். லினக்ஸின் ‘பெர்ஃப்’ கருவியில் இதற்கென்றே சி-டூ-சி என்ற துணைக்கட்டளை இருக்கிறது.

நிரலைத் தொடாமல் இயங்குதளத்திடம் சொல்வது

அடுத்த வழியில் நிரலில் ஒரு எழுத்தும் மாறாது. நிரலைத் தொடங்கும் கட்டளைக்கு முன்னால் நூமாகன்ட்ரோலைப் போட்டு ‘இன்டர்லீவ்’ என்று சொன்னால், பேஜ்கள் (இயங்குதளம் நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் துண்டுகள்) நோடுகளுக்கு இடையே மாற்றி மாற்றி ஒதுக்கப்படும். இரண்டு நோடு என்றால் பாதி அணுகல் எப்போதும் தூரத்துக்குத்தான் போகும். அதைச் சரிக்கட்ட என்ன கிடைக்கிறது? இரண்டு நினைவகக் கன்ட்ரோலர்களும் வேலை செய்கின்றன, ஒரு பக்கம் மட்டும் நெரிசல் வருவதில்லை. சிறப்பான பலன் கிடைக்காது, மோசமான பலனும் வராது. யார் எதைத் தொடுவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத நிரல்களுக்கு, உதாரணமாகப் பெரிய ஹாஷ் டேபிளுக்கு, இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அரிது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் இன்னோடிபி எஞ்சினில் பஃபர் பூலை (தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் பெரிய தேக்கம்) இப்படிப் பரப்பி ஒதுக்கவே தனி அமைப்பு உண்டு. காரணம் கசப்பான அனுபவம்: பெரிய பஃபர் பூல் ஒரே நோடை நிரப்பிவிட, மற்ற நோடில் இடம் காலியாக இருக்கும்போதே கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) பேஜ்களை வட்டுக்குத் தள்ளி ஸ்வாப் செய்யத் தொடங்கிவிடும்.

லினக்ஸ் கெர்னலிலேயே தானியங்கி நூமா சமநிலைப்படுத்தலும் இருக்கிறது. அவ்வப்போது பேஜ்களின் மேப்பிங்கை வேண்டுமென்றே செல்லாததாக்கி, யார் வந்து தொடுகிறார் என்று பார்த்து, பேஜை அவர் பக்கம் நகர்த்தும். ஒவ்வொரு த்ரெட்டும் தன் தரவை மட்டும் நீண்ட நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் இது நன்றாக வேலை செய்யும். எல்லாரும் எல்லாவற்றையும் தொட்டால் ஒவ்வொரு தடவையும் பொறி வைத்துப் பிடிக்கும் செலவு மட்டுமே மிஞ்சும்.

இதே விலையில் கிடைக்கும் இன்னொன்று, நிரலுக்கு நினைவகம் ஒதுக்கித் தரும் அலொகேட்டரை மாற்றுவது. ஜெமலாக், டிசிமலாக், மிமலாக் எதையும் முன்கூட்டி ஏற்றும் நூலகமாகக் கொடுத்துவிடலாம். பல த்ரெட்டுக்கான அலொகேட்டர்களில் 2000ல் வந்த ஹோர்ட் ஒரு திருப்பம். ஒரு த்ரெட் ஒதுக்கி மற்றொன்று விடுவிக்கும் நிரல்களில் நினைவகம் கட்டுக்கடங்காமல் ஊதிப்போகும் சிக்கலை அது நேரடியாக எடுத்துக்கொண்டது. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியின் வழக்கமான அலொகேட்டரும் 64 பிட் அமைப்பில் கோர் எண்ணிக்கையைப்போல 8 மடங்கு வரை அரீனாக்களை (தனித்தனி ஒதுக்கீட்டுக் குளங்கள்) உருவாக்கிக்கொள்ளும். கோர் அதிகமுள்ள சர்வரில் நிரல் காரணமில்லாமல் நினைவகம் தின்பதுபோலத் தெரிந்தால், கசிவைத் தேடி இரவு கண்விழிப்பதற்கு முன் அரீனா வரம்பைக் குறைத்துப் பாருங்கள்.

இந்த வழிகள் எல்லாவற்றிலும் சுமக்கும் உழைப்பு ஏறக்குறையப் பூஜ்யம். தொடக்கக் கட்டளையில் ஒரு வரி. பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடலாம். இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்து நேராக நிரலைக் கிழிக்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதே இல்லை.

முதலில் தொட்டவருக்கே சொந்தம்

நினைவகம் கேட்டதும் லினக்ஸ் உண்மையில் கொடுப்பது முகவரிகளைத்தான். ஒரு பேஜை எந்த த்ரெட் முதலில் தொடுகிறதோ, அந்த த்ரெட் ஓடும் நோடில்தான் பேஜ் உண்மையாக ஒதுக்கப்படும். 4 ஜிபி அர்ரே ஒன்றில் 4 கேபி பேஜ்கள் 10,48,576 இருக்கின்றன. முதன்மை த்ரெட் ஒரு லூப் போட்டு எல்லாவற்றையும் பூஜ்யமாக்கினால் அத்தனையும் அதன் நோடிலேயே போய் உட்காரும். பிறகு 64 த்ரெட் வந்து கணக்குப் போடும்போது பாதிப் பேர் பாலத்தைக் கடந்துதான் தரவை எடுக்க வேண்டும். எல்லாரும் ஒரே கன்ட்ரோலரின் வாசலில் வரிசை கட்டுவார்கள். முதலில் சொன்ன ‘32ல் நின்றுபோகும் ஏற்றம்’ பல நேரம் இதனால்தான்.

தீர்வு சுலபம்: கணக்கு லூப் எப்படிப் பங்கிடப்படுகிறதோ அதே பங்கீட்டில் தொடக்க லூப்பையும் இணையாக ஓட்டுங்கள், த்ரெட்கள் கோர் விட்டுக் கோர் தாவாமல் கட்டிவையுங்கள். லூப்பை த்ரெட்களுக்குப் பிரித்துத் தரும் ஓபன்எம்பியில் ஸ்டாட்டிக் பங்கீடு (யாருக்கு எது என்று முன்கூட்டியே நிலையாகப் பிரிப்பது), கூடவே த்ரெட்டைக் கோரோடு கட்டும் ப்ராக்-பைண்ட் அமைப்பு. சி++ல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு குழி காத்திருக்கிறது. வெக்டரை (சி++ நூலகம் தரும் அர்ரே) அளவு சொல்லி உருவாக்கினால், கட்டமைக்கும்போதே அது எல்லா உறுப்பையும் பூஜ்யமாக்கிவிடும். நீங்கள் அழகாக எழுதிய இணைத் தொடக்க லூப் வருவதற்குள் பேஜ்கள் எல்லாம் குடியேறி முடிந்திருக்கும். பூஜ்யமாக்காத அலொகேட்டரைக் கொடுக்க வேண்டும், அல்லது வெக்டரைக் கைவிட வேண்டும். 2 எம்பி பெரிய பேஜ்கள் இயங்கினால் எல்லை இன்னும் தடிமனாகிறது. ஒரே பேஜில் இரண்டு த்ரெட்டின் பங்கு விழலாம். பெரிய அர்ரேயில் அது பொருட்டில்லை, சின்ன அர்ரே நூறு வைத்திருந்தால் பொருட்டுதான்.

பலன் என்று பார்த்தால், ஒழுங்கான அர்ரே கணக்குகளில் இந்த வழிக்கு நிகர் இல்லை. வேலையும் பத்து வரிதான். ஆனால் சுமக்கும் உழைப்பு என்று நான் சொன்னதன் முழு எடை இங்கேதான் விழுகிறது. சில வருடத்துக்கு முன் இப்படி ஒழுங்கு செய்யப்பட்ட ஒரு நிரலில் நானே கை வைத்தேன். த்ரெட்களிடையே வேலை சமமாக இல்லை என்று பார்த்து, ஒரு லூப்பின் ஸ்டாட்டிக்கை டைனமிக் ஆக்கினேன். ஒரு சொல் மாற்றம். என் மடிக்கணினியில் வேகம் கூடியது, எல்லா டெஸ்டும் பச்சை. சர்வரில் அந்தப் பகுதி முன்னைவிட மெதுவாகிவிட்டது என்று கண்டுபிடிக்கப் பல வாரம் ஆனது. எந்தத் துண்டை யார் எடுப்பார் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவதால், பேஜ்கள் இருக்கும் இடத்துக்கும் அவற்றைத் தொடுகிறவருக்கும் இருந்த உறவை நான் அறுத்துவிட்டேன். அப்படி ஒரு உறவு இருக்கிறது என்று கோடில் யாரும் எழுதவில்லை. விடை தவறியிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன். விடை சரியாக இருந்ததுதான் தொல்லை.

இந்த இடத்தில் க்ரே நிறுவனத்தில் பிறந்த சாப்பல் மொழியின் யோசனை எனக்குப் பிடிக்கும். தரவு எந்த நோடுகளில் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை அர்ரேயின் அறிவிப்பிலேயே எழுதிவிடுகிறீர்கள். லூப்கள் அந்தப் பரவலைப் பின்தொடர்ந்து ஓடுகின்றன. விதி ஓரிடத்தில், கண்ணில் படும்படி இருக்கிறது. மொழியை மாற்ற எல்லாராலும் முடியாதுதான். ஆனால் தொடக்க லூப்பும் கணக்கு லூப்பும் ஒரே பங்கீட்டுச் செயற்கூற்றைக் கூப்பிடும்படி சி++லேயே எழுதலாம். அதற்குப் பிறகு ஒன்றை மட்டும் மாற்ற யாராலும் முடியாது.

சுவர் எழுப்பிப் பிரிப்பது

நோடுக்கு ஒரு ப்ராசஸ், அதற்குள் த்ரெட்கள், ப்ராசஸ்களுக்கு இடையே செய்தி அனுப்புவது என்று பிரித்துவிடலாம். அறிவியல் கணக்கீட்டில் செய்தி அனுப்பும் எம்பிஐயும் த்ரெட்களுக்கான ஓபன்எம்பியும் சேர்ந்த கலவை இப்படித்தான் வழக்கமாக ஓடுகிறது. இதையே கடைசிவரை இழுத்துப் போனால் சீஸ்டார் போன்ற கட்டமைப்பு வருகிறது: கோருக்கு ஒரு த்ரெட், தொடக்கத்திலேயே நினைவகம் கோர்வாரியாகப் பங்கு பிரிக்கப்பட்டுவிடும், அடுத்தவர் தரவு வேண்டுமென்றால் செய்தி அனுப்பிக் கேட்க வேண்டும்.

எழுதும் உழைப்பில் இதுதான் மிக அதிகம், சந்தேகமே இல்லை. ஏற்கெனவே பகிர்ந்து எழுதிய நிரலை இப்படி மாற்றுவது பாதிக்குப் பாதி புதிதாக எழுதுவதுதான். ஆனால் இங்கே மறதி தண்டனை இல்லாமல் போவதில்லை. செய்தி அனுப்ப மறந்தால் நிரல் தொங்கும், அல்லது தப்பான விடை வரும்; டெஸ்டிலேயே பிடிபடும். பத்து வருடம் ஓடப்போகிற, ஆள் மாறிக்கொண்டே இருக்கும் நிரல் என்றால் முதல் தொடுகையைவிட இதையே நான் எடுப்பேன். தரவு இயல்பாகத் துண்டுபோட முடியாததாக இருந்தால் மட்டும் வேண்டாம். ஒரே துண்டின் மீது எல்லாக் கோரிக்கையும் குவிந்தால் 63 கோர் வேடிக்கை பார்க்க ஒரு கோர் வியர்க்கும்.

விடுவிப்பது யார்?

இடம் பற்றிய பேச்சு இவ்வளவு. நேரம் பற்றிய கேள்வி தனி: பகிர்ந்த ஒரு பொருளை எப்போது விடுவிப்பது? ஒரு த்ரெட் பட்டியலிலிருந்து ஒரு கணுவைக் கழற்றுகிறது. அதே கணத்தில் இன்னொன்று அந்தக் கணுவின் மேல் நின்றுகொண்டிருக்கலாம். லாக் போட்டால் கவலையில்லை, பெரும்பாலான நிரல்களுக்கு அதுவே போதும். லாக் இல்லாமல் என்று இறங்கினால்தான் கீழே வரும் வகையறாக்கள் தேவை.

எல்லாரும் முதலில் எடுப்பது குறிப்பெண்ணிக்கை: பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிவைப்பது. புரிந்துகொள்ளச் சுலபம். ஆனால் படிக்க வருகிறவரும் எண்ணியைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கூட்டுவதும் எழுதுவதுதான், எழுதினால் மறுபடி அந்தக் கேச் லைன் பந்தாட்டம். படிப்பவர் நூறு பேர் என்றால் எண்ணிதான் நெரிசல்.

2004ல் மேகட் மைக்கேல் முழுமையாக முன்வைத்த ஹசார்ட் பாயின்ட்டரில், ‘நான் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒவ்வொரு த்ரெட்டும் தன் பலகையில் எழுதி வைக்கும். விடுவிக்கப் போகிறவர் எல்லாப் பலகையையும் பார்த்துவிட்டு விடுவிப்பார். ஒவ்வொரு பாயின்ட்டருக்கும் ஒரு தடவை எழுதுவதும், வழக்கமாக வரிசை மாறாமல் காக்கும் ஒரு தடுப்புக் கட்டளையும் செலவு. பதிலுக்கு, விடுவிக்கப்படாமல் தேங்கும் குப்பைக்கு உச்சவரம்பு உண்டு. லினக்ஸ் கெர்னலில் 2002 முதல் இருக்கும் ஆர்சியூவும், அதன் உறவினரான சகாப்த முறையும் வேறு மாதிரி. படிப்பவருக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. பழைய வாசகர்கள் எல்லாரும் வெளியேறினார்கள் என்று தெரிந்த பிறகே விடுவிப்பு. ஒரே ஒரு வாசகர் உள்ளே தூங்கிவிட்டால் போதும், விடுவிப்பு மொத்தமும் நின்று நினைவகம் ஏறிக்கொண்டே போகும். ‘படிக்கும் பகுதிக்குள் நீண்ட வேலை செய்யாதே’ என்பது இங்கே எழுதப்படாத விதி. கெர்னலில் அதைக் கண்காணிக்கக் கூர்மையான ஆட்களும், தேக்கத்தைக் கண்டால் கத்தும் எச்சரிக்கையும் இருக்கின்றன. உங்கள் குழுவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பயன்படாத நினைவகத்தை மொழியே தேடி விடுவிக்கும் குப்பை சேகரிப்பு உள்ள மொழியில் இந்தக் கேள்வியே எழாது. யாராவது பிடித்திருக்கும் வரை பொருள் உயிரோடு இருக்கும். விடுவித்த முகவரியே வேறு பொருளாகத் திரும்பி வந்து ஒப்பிட்டு மாற்றும் கட்டளையை ஏமாற்றும் ஏபிஏ சிக்கலும் பெரும்பாலும் கூடவே தொலைந்துவிடும். சேகரிப்புக்காக நிரல் நின்றுபோகும் இடைநிறுத்தம் பற்றிய பழைய பயம் இன்று அவ்வளவு தேவையில்லை: கோ மொழி 2015ல் வெளியான 1.5லேயே இணையாக ஓடும் சேகரிப்பானுக்கு மாறிவிட்டது, ஜாவாவின் இசட்ஜிசி சேகரிப்பான் 2020 முதல் உற்பத்திக்கு ஏற்றது என்று அறிவிக்கப்பட்டது. விலையாகக் கூடுதல் நினைவகமும் சில கோர்களின் நேரமும் போகும். ரஸ்ட் இதற்கு நடுவில் நிற்கிறது. எந்தத் தரவு த்ரெட் எல்லையைத் தாண்டலாம் என்பதைக் கம்பைலரே கேட்டு மடக்குவதால், தலையில் சுமந்த விதியில் பாதி வகைக்குறிப்பாக மாறிவிடுகிறது. ஆனால் பேஜ் எந்த நோடில் இருக்கிறது என்பது ரஸ்டுக்கும் தெரியாது, ஜாவாவிலும் பெரும்பாலும் உங்கள் கவலைதான். ‘ரஸ்டில் எழுதினோம், இன்னும் ஏன் 32ல் நிற்கிறது’ என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

நினைவக வரிசை (ஒரு த்ரெட் எழுதியவை மற்றவர் கண்ணில் எந்த வரிசையில் படும் என்பது) பற்றி ஒரு வரி போதும்: சி++11 தரும் அணுமாறிகளில் (பல த்ரெட் தொட்டாலும் பாதியில் உடையாத மாறிகள்) இயல்பான கடுமையான வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள், அளந்து பார்க்காமல் தளர்த்த வேண்டாம். தளர்த்தியதில் பிழை இருந்தால் எக்ஸ்86 அதைப் பெரும்பாலும் மூடி மறைத்துவிடும்; ஆர்ம் சிப்பில் ஏற்றும் அன்றைக்குத்தான் வெளிவரும்.

என் வரிசை

முதலில் நோடுவாரி நினைவகக் கணக்குக் காட்டும் ‘நூமாஸ்டாட்’, பெர்ஃப் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பேன். தூர அணுகல் குறைவு என்றால் இந்தக் கட்டுரையில் பாதி எனக்கு வேண்டாம். போலிப் பகிர்வை மட்டும் தேடுவேன். அதிகம் என்றால் அன்று மதியமே இன்டர்லீவும் வேறு அலொகேட்டரும். எதிர்பார்த்த வேகத்துக்கு அருகில் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவேன். கடைசிச் சில சதவீதத்துக்காகக் கோடில் விதிகளைப் புதைத்து வைக்க மனம் வருவதில்லை. வரவில்லை, அர்ரே கணக்கும்கூட என்றால் முதல் தொடுகை. தரவு துண்டாகப் பிரியும், நிரலும் நீண்ட நாள் இருக்கும் என்றால் சுவர். லாக் இல்லாத அமைப்பைக் கையால் எழுதுவது எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்கு முன் நன்கு சோதிக்கப்பட்ட நூலகம் ஒன்றை எடுப்பேன்.

முதல் தொடுகையை எடுக்கும்போது இப்போதெல்லாம் ஒரு வேலை தவறாமல் செய்கிறேன். லினக்ஸில் பேஜ்களை நகர்த்தும் ‘மூவ்-பேஜஸ்’ அழைப்புக்கு இலக்கு நோடு எதுவும் சொல்லாமல் வெற்றுப் பாயின்ட்டர் கொடுத்தால், அது எதையும் நகர்த்தாது. ஒவ்வொரு பேஜும் இப்போது எந்த நோடில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். தொடக்கம் முடிந்ததும் ஒவ்வொரு த்ரெட்டும் தன் பங்கிலிருந்து சில பேஜ்களை எடுத்து இப்படிக் கேட்கும். பாதிக்கு மேல் வேறு நோடில் இருந்தால் பதிவுக் கோப்பில் ஒரு எச்சரிக்கை வரி விழும். முதல் கணக்குச் சுற்று முடிந்தபின், தான் உண்மையில் தொட்ட பேஜ்களை வைத்து இன்னொரு தடவை கேட்கும். என் டைனமிக் மாற்றத்தைத் தொடக்கக் கேள்வி பிடித்திருக்காது, இந்த இரண்டாவது கேள்வி அன்றைக்கே பிடித்திருக்கும். மொத்தம் முப்பது வரிகூட வராது.